உம்முடைய ராஜ்யம் வருவதாக: நிஜமாகவே வரச் சொல்லித்தான் கேட்கிறோமா?

கடுகுவிதை (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ராத்திரி வீட்டு ஜெபத்தில் நடந்தது. எட்டு வயது மகள் பரமண்டல ஜெபத்தை ரயில் வேகத்தில் ஒப்பிப்பவள். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்றதும் நிறுத்திவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். "அப்பா, இது எப்போ வரும்?"

தெரியாதும்மா, இயேசப்பா திரும்பி வரும்போது முழுசா வரும் என்றேன்.

"வந்தா எல்லாமே மாறிடுமா?"

ஆமாம்.

"அப்போ கொஞ்சம் லேட்டா வரச் சொல்லலாமா? நான் இன்னும் சைக்கிளே கத்துக்கலையே."

சிரித்து, தலையைத் தடவி, மிச்ச ஜெபத்தை முடிக்க வைத்து, விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் தூக்கம் போனது. அவள் வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. வீட்டுக் கடன் முடியட்டும், இவள் படித்து முடிக்கட்டும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும். நாற்பது வயதுக்காரனுடைய சைக்கிள் இதெல்லாம். தினமும் "வாரும்" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிடுகிறேன், கை மட்டும் தாழ்ப்பாளை விடவில்லை.

உங்களிடம் கேட்கிறேன். இந்த வரியை ஜெபிக்கும்போது மனதில் என்ன நினைக்கிறீர்கள்? தயவுசெய்து பிரசங்கம் வேண்டாம், நிஜமாக நினைப்பதை எழுதுங்கள்.

சந்தேகத்தோமா

நிஜத்தை எழுதட்டுமா? ஒன்றும் நினைப்பதில்லை. ஜெபத்தில் "பிதாவே" என்று ஆரம்பித்தால் அடுத்து மனம் நிற்கிற இடம் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை". நடுவில் இருப்பதெல்லாம் நெடுஞ்சாலையில் கடந்துபோகிற ஊர்ப் பலகைகள்.

இந்த வரியை மெய்யாகவே எதிர்பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பாப்டிஸ்ட் விவசாயி தானியேல் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட, அவர் பின்னால் வந்தவர்கள் இயேசு திரும்பி வருவது 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துவிட்டார்கள். சிலர் வயலில் அறுவடை கூடச் செய்யவில்லை. இருபத்திரண்டு வந்தது, இருபத்துமூன்றும் வந்தது. "பெரிய ஏமாற்றம்" என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். மில்லரை நான் கேலி செய்யவில்லை, அவருக்காவது ஆசை இருந்தது. நம்மிடம் ஆசையும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. மனப்பாடம்தான் மிச்சம்.

சமாதானம்_07

ஆமென். அருமையான இழை. தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

பழைய டீக்கன்

தம்பி கடுகுவிதை, உங்கள் மகள் கேட்டது புதிய கேள்வியும் இல்லை, தவறான கேள்வியும் இல்லை. சபையின் ஆரம்ப நாட்களிலேயே இது ஓடியிருக்கிறது.

கார்த்தேஜ் பட்டணத்தில் தெர்த்துல்லியன் என்று ஒருவர் இருந்தார். கி.பி. 197 வாக்கில் ரோம அதிகாரிகளுக்குக் கிறிஸ்தவர்களின் தரப்பை எழுதுகிறார். நாங்கள் ஒன்றும் ராஜத்துரோகிகள் இல்லை, பேரரசருக்காக ஜெபிக்கிறோம், உலகத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கிறோம், முடிவு தள்ளிப்போக வேண்டும் என்றும் ஜெபிக்கிறோம் என்கிறார். கவனியுங்கள், *தள்ளிப்போக*. அதே மனிதர் சில ஆண்டுகளுக்குள் ஜெபத்தைப் பற்றி எழுதும்போது கர்த்தருடைய ஜெபத்தின் இந்த வரிக்கு வருகிறார். இங்கே பேச்சே மாறிவிடுகிறது. ராஜ்யம் வருவதாக என்று வேண்டிக்கொண்டே உலகம் இன்னும் கொஞ்ச காலம் நீடிக்கட்டும் என்று சிலர் கேட்கிறார்களே, அது எப்படிப் பொருந்தும்? நம் அடிமைத்தனம் நீளுவதையா விரும்புவது, நாம் ஆளுகை செய்வது சீக்கிரம் வருவதையல்லவா விரும்ப வேண்டும் என்று கேட்கிறார். அந்தச் சிலரில் அவரும் ஒருவர்தான்! ஊருக்கு முன்னால் பேசும்போது தள்ளிப்போகட்டும், முழங்காலில் நிற்கும்போது சீக்கிரம் வரட்டும். முதல்முறை வாசித்தபோது இரட்டை நாக்கு என்று எரிச்சல் வந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. மனுஷன் நம்மைப் போலத்தான் இருந்திருக்கிறார்.

யூதர்களின் பழைய கதீஷ் ஜெபத்தில் ஒளிவு மறைவே கிடையாது. தேவன் தம் ராஜ்யத்தை ஸ்தாபிப்பாராக, உங்கள் வாழ்நாளிலேயே, உங்கள் நாட்களிலேயே, சீக்கிரமாய் என்று கேட்கிறது. நம் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அந்தச் "சீக்கிரமாய்" இல்லை. ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். விடை கிடைக்கவில்லை என்றாலும், சைக்கிள் பழகாத பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் இடம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கடுகுவிதை

ஐயா, இதை அவளுக்குச் சொன்னால் "அந்தத் தாத்தாவும் லேட்டா வரச் சொன்னாரா" என்று கேட்டு என்னை மடக்கிவிடுவாள். ஆனாலும் நன்றி, மனசு லேசானது.

தமிழாசிரியர்_ஓய்வு

இலக்கணத்தை இழுத்து வருவதற்கு மன்னியுங்கள், முப்பது வருட வியாதி.

"வருவதாக" என்பதைக் கவனித்தீர்களா? "வாரும்" என்று ராஜ்யத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "கொண்டுவாரும்" என்று பிதாவைப் பார்த்தும் சொல்லவில்லை. வருக, வாழ்க, ஒழிக என்பவற்றோடு சேர்ந்த வியங்கோள் அது. கிரேக்கத்தில் இது படர்க்கையில் வரும் ஏவல். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு தனி வடிவம் இல்லாததால் அவர்கள் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் அச்சில் வார்த்தது போல உட்காருகிறது.

பள்ளிக்கூடத்தில் வியங்கோளுக்கு நான்கு பொருள் சொல்லிக் கொடுப்போம்: வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல். இந்த ஒரு வரியை நாலிலும் வைத்துப் பாருங்கள். வேண்டல் சரி, அது வெளிப்படை. வாழ்த்தலும் சரி, ராஜா வருகிறார், வருக என்கிறோம். விதித்தல் கொஞ்சம் பயமாக இருக்கிறது, ஆண்டவருக்கு நாம் விதிப்பதா? ஆனால் அவரே "இப்படிச் சொல்லுங்கள்" என்று வாயில் வைத்த சொல், அந்தத் தைரியத்தில் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். வைதல்தான் என்னை நிறுத்தியது. ஒரு ராஜ்யம் வருக என்றால் அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் ராஜ்யம் ஒழிக என்றுதானே அர்த்தம்? ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் கிடையாதே. அப்படியானால் தினமும் காலையில் யாரை வைகிறேன்? யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் என்னைத்தான்.

அருள்மொழி

வணக்கம், நான் கத்தோலிக்கப் பின்னணி. நாங்கள் இதே வரியை "உமது ஆட்சி வருக" என்று சொல்கிறோம். உங்கள் பக்கத்துத் தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஜெபிக்கும்போது இருவரும் வேறு வேறு சொல்லில் இடித்துக்கொள்வோம், அப்புறம் "ஆமென்"இல் சேர்ந்துகொள்வோம்.

ராஜ்யம் என்றால் எனக்கு வரைபடம் ஞாபகம் வருகிறது. எல்லைக்கோடு, கோட்டை, உள்ளே யார் வெளியே யார். ஆட்சி என்றால் ஒரு செயல். யார் சொல் இங்கே நடக்கிறது என்பது. பசிலெயா என்ற கிரேக்கச் சொல்லுக்கு இந்த இரண்டு பொருளுமே உண்டு. எங்கள் மறைக்கல்வி நூலே (1992) அரசு, அரசாட்சி, அரசநிலை என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது: இந்த வேண்டுதல் முதன்மையாகக் கிறிஸ்துவின் மறுவருகையால் வரும் இறுதி ஆட்சியையே குறிக்கிறது. ஆனால் அந்த ஏக்கம் திருச்சபையை இவ்வுலகப் பணியிலிருந்து விலக்குவதில்லை, இன்னும் ஆழமாக அதில் ஈடுபடுத்துகிறது என்கிறது. எங்கள் பக்கம் பலரும் இதில் பாதியைத்தான் பிடித்துக்கொள்கிறோம்.

"இறையாட்சி உங்களுக்குள்" என்ற லூக்கா 17:21 வசனத்தை வைத்து, எல்லாம் மனசுக்குள்தான் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம். இயேசு அதைச் சொன்னது சீடர்களிடம் இல்லை, பரிசேயரிடம். அவர்கள் உள்ளத்துக்குள் இறையாட்சி இருக்கிறது என்றா சொல்லியிருப்பார்? உங்கள் நடுவிலே, உங்கள் கண்ணெதிரே நான் நிற்கிறேனே என்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. ஆதித் திருச்சபை அறிஞர் ஒரிஜென் அப்படி ஒரு சொல்லையே உருவாக்கினார், கிறிஸ்துதான் "தாமே ராஜ்யம்" என்று.

வாலிபர்_வட்டம்

நல்ல விவாதம், ஆனால் எல்லாரும் வானத்தையும் இலக்கணத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த அரை வரி என்ன? "பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும்." பூமியிலே! பசித்தவனுக்குச் சோறு, கூலி மறுக்கப்பட்டவனுக்குக் கூலி, அநியாயமாய் ஜெயிலில் கிடப்பவனுக்கு விடுதலை. இதற்கு உழைக்காமல் ராஜ்யம் வருவதாக என்று சொல்வது வெறும் காற்று. ராஜ்யத்தை நாம்தான் கட்டி எழுப்ப வேண்டும். எங்கள் வாலிபர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: ஜெபத்தை முடித்துவிட்டு எழுந்து போய் அதைச் செய்.

சந்தேகத்தோமா

நாம் கட்டினால் அது யாருடைய ராஜ்யம்? கேட்கத்தான் தோன்றுகிறது.

வாலிபர்_வட்டம்

தோமா, உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம்.

சந்தேகத்தோமா

உண்மைதான். ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. கர்த்தருடைய ராஜ்யத்தைக் கட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள் வரலாற்றில் எத்தனை பேரைக் கட்டி வைத்து உதைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

பழைய டீக்கன்

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். இதே சண்டை 1932இல் ஜெர்மனியில் நடந்திருக்கிறது. நவம்பர் மாதம், ஹிட்லர் சான்சலர் (அரசாங்கத் தலைவர்) ஆவதற்கு இரண்டு மாதம் முன்னால், இருபத்தாறு வயது இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் இதே வரியைத் தலைப்பாக வைத்துப் பேசினார். இரண்டு வகைக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். பூமியை விட்டுத் தப்பித்து, வேறொரு நல்ல உலகத்துக்கு ஓடிவிடப் பார்ப்பவர்கள் ஒரு வகை. இந்த உலகத்தில் தேவனுக்காக நானே ஒரு கோட்டை கட்டுகிறேன் பார் என்று தோள் தட்டுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும் வியாதி ஒன்றுதான், இருவருமே தேவனுடைய ராஜ்யத்தை நம்புவதை விட்டுவிட்டார்கள் என்பது அவர் வாதம். பூமியையும் தேவனையும் ஒன்றாக நேசிக்கிறவனால்தான் அந்த ராஜ்யத்தை நம்ப முடியும் என்றார். அந்த மனிதரை 1945 ஏப்ரல் 9 அன்று நாஜிகள் தூக்கில் போட்டார்கள். அதனால் "உட்கார்ந்துகொண்டு பேசினார்" என்று அவரைச் சொல்ல முடியாது.

வாலிபர் வட்டம் தம்பி, நீங்கள் சொல்லும் வேலையெல்லாம் செய்ய வேண்டிய வேலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. "கட்டுவோம்" என்ற சொல்லில்தான் மாற்றுக் கருத்து. சுவிசேஷங்களைத் திறந்து பாருங்கள். ராஜ்யத்தைத் தேடுங்கள் என்று இருக்கிறது, சுதந்தரித்துக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது, சிறுபிள்ளையைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது, அதில் பிரவேசியுங்கள் என்று இருக்கிறது. கட்டுங்கள் என்று எங்கேயும் இல்லை. மாற்கு 4இல் விதைக்கிறவன் விதைத்துவிட்டுத் தூங்குகிறான், எழுந்திருக்கிறான், "அவனுக்குத் தெரியாதவிதமாய்" அது முளைக்கிறது. விதைக்காமல் விட்டானா? இல்லை. முளைக்க வைத்தானா? அதுவும் இல்லை.

மார்ட்டின் லூத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூலில் எழுதியது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. தேவனுடைய ராஜ்யம் நம் ஜெபம் இல்லாமலே தானாக வரும், அது நம்மிடத்திலும் வர வேண்டும் என்றே இந்த வேண்டுதலில் கேட்கிறோம். அவருக்கு ஆயிரத்து நூறு வருடம் முன்பே அகுஸ்தீனும் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் இதையேதான் சொன்னார்: நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது வந்தே தீரும், இந்த வரியால் நம் ஆசையைத்தான் கிளறிவிடுகிறோம் என்று.

சந்தேகத்தோமா

தானாகவே வருமென்றால் கேட்பானேன்? மழை வரும் என்று தெரிந்தும் மழையே வா என்று பாடுகிற மாதிரி.

தமிழாசிரியர்_ஓய்வு

பாடுகிறவன் குடத்தை வெளியே எடுத்து வைத்திருப்பான் தோமா. பாடாதவன் குடம் உள்ளேயே கவிழ்ந்து கிடக்கும்.

சந்தேகத்தோமா

ஆசிரியரிடம் வாய் கொடுத்தது என் தப்பு.

விண்மீன்77

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆசிரியர் "யாரை வைகிறேன்" என்று எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது, எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கும்.

எங்கள் சபையில் ஒரு பழைய இரும்பு அலமாரி இருக்கிறது. பாட்டுப் புத்தகங்கள், திருவிருந்துக் கிண்ணங்கள், மைக் வயர் எல்லாம் அதில்தான். சாவி பதினோரு வருடமாக என்னிடம். யாரும் என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கொடுத்ததில்லை, முன்பு வைத்திருந்தவர் இடம் மாறிப் போகும்போது என் கையில் திணித்துவிட்டுப் போனார், அப்படியே தங்கிவிட்டது. ஞாயிறு காலையில் எல்லாரும் எனக்காகக் காத்திருப்பார்கள். நான் சாவியைப் போட்டுத் திருப்பும் சத்தத்தில்தான் ஆராதனையே ஆரம்பிக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். (இதை எழுதும்போது காது சுடுகிறது.)

போன வருடம் கமிட்டியில் ஒரு இளைஞர், நல்ல பையன், இன்னொரு சாவி செய்து வைத்துக்கொள்ளலாமே அண்ணா, உங்களுக்கும் சிரமம் குறையும் என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஏன், இதுவரை ஒரு பொருள் காணாமல் போயிருக்கிறதா என்று கேட்டேன். வார்த்தை தடித்தது. கடைசியில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கூட்டத்தை முடிக்க யாராவது ஜெபம் செய்யுங்கள் என்றார்கள், வழக்கம்போலக் கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். நானும் சொன்னேன். "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று கணீரென்று சொன்னேன், பாக்கெட்டில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அதன் பல் உள்ளங்கையில் பதிந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஒரு அலமாரி. அதுதான் என் ராஜ்யத்தின் பரப்பளவு.

அருள்மொழி

விண்மீன் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. யாக்கோபும் யோவானும் வலது பக்கம், இடது பக்கம் என்று நாற்காலி கேட்ட இடம்தான் நினைவுக்கு வருகிறது. அவர்களும் ராஜ்யம் வர வேண்டும் என்று மெய்யாகவே விரும்பியவர்கள்தான். வரும்போது தங்களுக்கு எங்கே இடம் என்பதும் சேர்ந்தே வந்துவிட்டது.

வாலிபர்_வட்டம்

அந்தப் பையன் திரும்ப வந்தாரா?

விண்மீன்77

வருகிறார். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் போய்விடுகிறார். என்னிடம் பேச்சில்லை.

இராக்காவல்

நான் மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ். இங்கே இவ்வளவு படித்தவர்கள் பேசும்போது எழுதுவதா என்று யோசித்தேன். கடுகுவிதை பிரதர் "நிஜமாக நினைப்பதை எழுதுங்கள்" என்று கேட்டிருந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் இனிமேல் மருந்து வேலை செய்யாது என்ற நிலையில் வருகிறவர்கள் அதிகம். ராத்திரி ரெண்டு மூன்று மணிக்கு ஒரு நேரம் வரும். மானிட்டர் சத்தம் தவிர ஒன்றும் இருக்காது. உறவினர்கள் நாற்காலியில் கோணலாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் உதடு காய்ந்தவருக்குப் பஞ்சில் தண்ணீர் தொட்டு வைப்பேன், புரட்டிப் படுக்க வைப்பேன், வலிக்கு ஊசி எத்தனை மணிக்கு என்று சார்ட்டில் பார்ப்பேன். அப்போது ஜெபிக்க வேண்டும் போல இருக்கும். என்ன ஜெபிப்பது? குணமாக்கும் என்று கேட்க வாய் வராது, எடுத்துக்கொள்ளும் என்று கேட்கவும் மனம் வராது. குடும்பத்தில் ஒருவர் அதைக் கேட்பார், இன்னொருவர் இதைக் கேட்பார். நான் எந்தப் பக்கம் நிற்பது?

அப்படி ஒரு ராத்திரியில்தான் இந்த வரி எனக்குக் கிடைத்தது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக." இந்தக் கட்டிலுக்கு. இவ்வளவுதான் சொல்வேன். பேரைச் சொல்லி, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வேறெதுவும் கேட்பதில்லை. அந்த ராஜ்யத்தில் கண்ணீர் துடைக்கப்படும், மரணம் இராது என்று வெளிப்படுத்தலில் இருக்கிறதே, அது சீக்கிரம் வரட்டும் என்று நான் நிஜமாகவே, முழு மனதோடு கேட்கிறேன். தள்ளிப்போடும் ஆசை அந்த நேரத்தில் கொஞ்சமும் இல்லை. ஆனால் காலையில் டியூட்டி முடிந்து வெயிலில் நடக்கும்போது, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை எழுப்ப வேண்டும் என்ற நினைப்பு வந்ததும், எனக்கும் அந்த ஆசை திரும்ப வந்துவிடும். பொய் சொல்ல விரும்பவில்லை.

கடுகுவிதை

சிஸ்டர், இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று முறை வாசித்தேன்.

பழைய டீக்கன்

அம்மா, படித்தவர்கள் என்று எங்களைச் சொல்லி வெட்கப்படுத்தாதீர்கள். தெர்த்துல்லியனின் இரண்டு புத்தகங்களையும் ஒரே டியூட்டிக்குள் அடக்கிவிட்டீர்கள்.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கெத்செமனேயில் ஆண்டவர் இரண்டாந்தரம் ஜெபிக்கும்போது "உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது" என்கிறார். மத்தேயுவின் கிரேக்கத்தில் அது கர்த்தருடைய ஜெபத்தில் வரும் அதே சொற்கள், ஒரு எழுத்து மாறாமல். மலையின் மேல் நமக்குச் சொல்லிக்கொடுத்ததை, தோட்டத்தில் வியர்வையோடு தானே சொன்னார். அவரும் அதற்கு முன்னால் "கூடுமானால் நீங்கட்டும்" என்று கேட்டுவிட்டுத்தான் அங்கே வந்தார். ஆகவே தள்ளிப்போகட்டும் என்று தோன்றுவதே பாவம் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வாலிபர்_வட்டம்

சரி, ஒப்புக்கொள்கிறேன், "கட்டுவோம்" என்ற சொல்லை இனிப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் நடைமுறையில் சொல்லுங்கள். அடுத்த வாரம் வாலிபர் கூட்டத்தில் இந்த வரியை வைத்து ஜெபிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரிய பெரிய தத்துவம் சொன்னால் போனை எடுத்துவிடுவார்கள்.

பழைய டீக்கன்

சீர்திருத்த சபைகளின் பழைய போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடை (1563) 123ஆம் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரிசை அழகாக இருக்கிறது. முதலில் "எங்களை ஆளும்", உம் வார்த்தையாலும் ஆவியாலும் நாங்கள் மேலும் மேலும் உமக்குக் கீழ்ப்படியும்படி. அப்புறம் சபையைக் காத்துப் பெருகச் செய்யும். அப்புறம்தான் பிசாசின் கிரியைகளையும் உமக்கு விரோதமான எல்லா அதிகாரத்தையும் அழியும். நாங்கள் சாதாரணமாகக் கூட்டங்களில் மூன்றாவதில்தான் ஆரம்பிப்போம், சத்தமாக. முதலாவதுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

தமிழாசிரியர்_ஓய்வு

அந்த வரியோடு ஒரு இடத்தைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், நர்ஸ் அம்மா "இந்தக் கட்டிலுக்கு" என்றார்களே அது போல. இந்த வகுப்பறைக்கு, எங்கள் வீட்டு அடுப்படிக்கு, என் போனுக்கு. "உலகம் முழுவதற்கும்" என்று சொல்லத் தடை, அது ரொம்ப சுலபம்.

வாலிபர்_வட்டம்

என் போனுக்கு! இது நன்றாக இருக்கிறது. பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள்.

சந்தேகத்தோமா

ஒரு கேள்வி மட்டும், சண்டைக்கு இல்லை. இரண்டாயிரம் வருடமாக எத்தனை கோடி வாய்கள் இதைச் சொல்லியிருக்கும். இன்னும் வரவில்லை. இதைவிட அதிகம் கேட்கப்பட்டு, இதைவிட நீண்ட காலம் பதில் வராத ஜெபம் வேறு உண்டா?

அருள்மொழி

பாதி வந்திருக்கிறது என்பார்கள். ஆஸ்கர் குல்மன் என்ற இறையியலாளர் 1946இல் தன் நூலில் இரண்டாம் உலகப்போரை வைத்து விளக்கினார். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கியதோடு போரின் முடிவு ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது, ஆனால் வெற்றி நாள் வந்தது 1945 மே 8. சிலுவையும் உயிர்ப்பும் முதல் நாள், மறுவருகை இரண்டாம் நாள், நாம் நடுவில். நல்ல உவமைதான். ஆனால் அந்தப் பதினோரு மாதத்தில்தான் போன்ஹோஃபரைத் தூக்கில் போட்டார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால் உவமை அவ்வளவு ஆறுதலாக இல்லை. தோமா, உங்களுக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது.

சந்தேகத்தோமா

இல்லை என்று ஒப்புக்கொண்டதே போதும். இங்கே வழக்கமாக வசனத்தைத் தூக்கி எறிவார்கள்.

பழைய டீக்கன்

நான் ஒன்று எறிகிறேன், மெதுவாக. அதே ஜெபத்தின் முடிவில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் உம்முடையவைகளே" என்கிறோம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மத்தேயுவில் அது இல்லை, ஜெபித்து ஜெபித்துச் சபைதான் சேர்த்துக்கொண்டது என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும், அதனால்தான் எனக்கு அது இன்னும் பிடிக்கிறது. வரட்டும் என்று கேட்டு ஆரம்பித்தவர்கள், முடிப்பதற்குள் உம்முடையதே என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் ஆகாரமும் மன்னிப்பும் சோதனையும். தோமா, சிலுவையில் தொங்கின அந்தக் கள்ளனைப் பாருங்கள். "நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்." ராஜ்யம் தோற்றுப்போனது போலத் தெரிந்த மணி நேரத்தில், ஆணி அடிக்கப்பட்ட ஒருவரிடம் கேட்கிறான்! என்னிடம் அந்த அளவு விசுவாசம் இல்லை. நான் அவன் வாயைக் கடன் வாங்கிக்கொண்டு சொல்கிறேன்.

விண்மீன்77

செய்தி ஒன்று. நேற்று அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார். சாவி செய்யும் கடைக்குச் சேர்ந்து போகலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணா, அந்தப் பூட்டே கொஞ்சம் லூசுதான், சாவி இல்லாமலே திறக்கும்" என்றார். ஆறு மாதமாக அவர்கள் எல்லாருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

சந்தேகத்தோமா

ஐயோ அண்ணா. அலுவலகத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன், எல்லாரும் பார்க்கிறார்கள்.

இராக்காவல்

நானும். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

கடுகுவிதை

இழையை மூட மனமில்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மகளிடம் உட்கார்ந்து பேசினேன். பழைய காலத்தில் ஒரு தாத்தாவும் முதலில் லேட்டா வரட்டும் என்றார், அப்புறம் சீக்கிரம் வரட்டும் என்றார் என்று சொன்னேன். எதிர்பார்த்தபடியே "அவரும் சைக்கிள் கத்துக்கிட்டாரா" என்றாள். அப்போது சைக்கிள் கிடையாதும்மா என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அங்க சைக்கிள் இருக்குமாப்பா?" எனக்குத் தெரியாது என்று சொன்னேன். தெரியாது என்று இந்த வாரத்தில் எத்தனையாவது முறை சொல்கிறேனோ.

ராத்திரி ஜெபத்தில் அந்த வரி வந்ததும் இந்த முறை நிறுத்தவில்லை. "உம்முடைய ராஜ்யம் வருவதாக, எங்க ரூமுக்கும்" என்று தானாகச் சேர்த்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் இந்த இழையை வாசிக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். நானும் மெதுவாக "இந்த ரூமுக்கும்" என்றேன். கடன் பத்திரம் அந்த அறை பீரோவில்தான் இருக்கிறது.

இன்று சாயங்காலம் அவளை மைதானத்துக்குக் கூட்டிப் போகிறேன். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், முட்டி வலி இருக்கிறது. யாருக்காவது சைக்கிள் சொல்லிக் கொடுத்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

தமிழாசிரியர்_ஓய்வு

பெடலைக் கழற்றிவிட்டு முதலில் காலால் உந்தி ஓட்டப் பழக்குங்கள். சீட்டை நன்றாகத் தாழ்த்தி, இரண்டு காலும் தரையில் படும்படி வையுங்கள். சமநிலை வந்த பிறகு பெடலை மாட்டலாம். உங்கள் முட்டிக்கும் நல்லது.